டம்ளருக்கு அடியில் வைத்த சீட்டு

ஜன்னல் பக்கம் நீ உட்கார் தாயி. எனக்குக் காற்று ஆகாது, நான் ஓரத்தில் இருந்துகொள்கிறேன். இந்த வாளியை மட்டும் காலடியில் வைத்துக்கொள்கிறேன், இடித்தால் சொல். முறுக்குதான். மகளுக்குக் கொண்டுபோகிறேன். திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

அந்த ஃபைலை மடியில் வைக்காதே, வியர்வையில் சர்ட்டிபிகேட் எல்லாம் நனைந்து போகும். என் மகளும் இப்படித்தான், கல்லூரிக்குப் போகும்போது ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போவாள். எம்.எஸ்சி. கணிதம். இப்போது அந்தச் சர்ட்டிபிகேட் எல்லாம் அவள் மாமியார் வீட்டில் பீரோவுக்கு மேலே, பழைய சூட்கேசில் இருக்கிறது. அது ஒரு கதை.

கோவில்பட்டியில் ஏறினாயே, அங்கே ஞாயிறு சிந்தனை அரங்கம் என்று ஒன்று நடக்கிறது, தெரியுமா? தெரியாதா? போஸ்டர்கூடப் பார்த்ததில்லையா? அதுவும் சரிதான், யாருக்குத் தெரிகிறது! மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவில் ஒரு மாடியில். வெளியூரிலிருந்து பெரிய ஆளாகக் கூட்டிவந்து பேச வைப்பார்கள். நாற்பது நாற்காலி போட்டால் இருபத்தெட்டு நிறையும். அங்கே பதினொரு வருஷமாகச் சுக்குக்காப்பியும் சுண்டலும் நான்தான். மற்ற நாளெல்லாம் கடலைமிட்டாய்க்குத் தாள் சுற்றுகிற வேலை. உலகம்மாள் சுக்குக்காப்பி என்றால் மதுரையில் இருக்கிற பேச்சாளருக்குக்கூடத் தெரியும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டேன். ஆனால் பதினொரு வருஷம் காதில் விழுந்ததைக் கணக்கெடுத்தால் நானும் ஒரு எம்.ஏ.தான். கதவுக்குப் பின்னால் அடுப்பு. பேசுவது எல்லாம் கேட்கும். விலைவாசி ஏன் ஏறுகிறது என்று ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். கூட்டம் முடிந்ததும் செயலாளர் அருணகிரி சார் வந்து, "உலகம்மா, அடுத்த மாசத்துல இருந்து சுண்டலுக்குத் தேங்காய் வேண்டாம்" என்றார். நதிநீர் உரிமை பற்றி ஒருவர் பேசினார். அன்றைக்கு மாடியில் குழாயில் தண்ணீர் வரவில்லை, கீழேயிருந்து ஏழு குடம் நான் சுமந்தேன். சாதி ஒழிய வேண்டும் என்று ஒருவர் பேசினார் பார், அப்படி ஒரு பேச்சு! எனக்கே கண் கலங்கிவிட்டது. மேடையை விட்டு இறங்கி வந்து காப்பியை வாங்கிக்கொண்டு, "அம்மாவுக்கு எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார்.

சிரிக்கிறாய். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

என்ன சொல்ல வந்தேன்? சீட்டு. அந்தச் சீட்டைத்தான் சொல்ல வந்தேன்.

பெரிய மனிதர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். எல்லாக் கூட்டத்திலும் துண்டுச் சீட்டு கொடுத்து நிறுத்துவார்கள் அல்லவா? அருணகிரி சாருக்கு அதில் கூச்சம். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி, யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். "நம்ம கையால போய்ச் சீட்டு நீட்டுனா மரியாதையா இருக்காது உலகம்மா" என்று ஒரு வழி கண்டுபிடித்தார். சீட்டை நான்காக மடித்து என்னிடம் தருவார். நான் அதைச் சின்னத் தட்டில் வைத்து, மேலே டம்ளரை வைத்து, மேடைக்குக் கொண்டுபோவேன். பேசுகிறவர் டம்ளரை எடுப்பார், அடியில் சீட்டு இருக்கும். 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். முடித்துவிடுவார்.

கொஞ்ச வருஷத்தில் அது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நான் தட்டோடு மேடையில் ஏறினாலே ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். சீட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்த்தால் போதும், பேச்சு முடிந்துவிடும். எப்பேர்ப்பட்ட மந்திரியாக இருந்தவரையும் நான் நிறுத்தியிருக்கிறேன் தாயி.

இரு, இரு. கண்டக்டரைப் பிறகு கூப்பிடலாம். டிக்கெட் எடுத்துவிட்டாய் அல்லவா? பிறகென்ன?

இந்த அரங்கத்தில்தான் என் சம்பந்தியைப் பார்த்தேன். வேலாயுதம் அண்ணாச்சி. திருநெல்வேலியிலிருந்து மாதாமாதம் ரயில் ஏறி வருவார். முதல் வரிசை, இடது கைப் பக்கம் இரண்டாவது நாற்காலி. பெண் விடுதலை பற்றி ஒரு அம்மா வந்து பேசினார்களே, அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்து தட்டினார்கள். அன்றைக்கே நினைத்தேன், இந்த வீட்டுக்கு ஒரு பெண் போனால் ராணி மாதிரி இருப்பாள் என்று. அவருக்கு ஒரு மகன் இருப்பதும் தெரிந்தது. விசாரித்தேன். நம் ஆட்கள்தான். தெரு, வகையறா எல்லாம் விசாரித்துவிட்டேன், அதில் ஒன்றும் குறை இல்லை.

அண்ணாச்சி நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. "படிச்ச பொண்ணு போதும் தங்கச்சி. எங்க வீட்டுக்கு அறிவு வேணும்" என்றார். அரங்கத்தில் எல்லோரிடமும் என்னைக் காட்டி, "இவங்க எங்க சம்பந்தியம்மா" என்பார். சுக்குக்காப்பி கொடுத்துக்கொண்டே கேட்பேன். எனக்குப் பெருமை தாங்காது.

செல்வி, என் மகள், மாரிச்செல்வி, கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்தே ஒரு மாதிரி உம்மென்று இருந்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், நான் சமையல்காரரோடு தேங்காய் விஷயமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்து என் மணிக்கட்டைத் தொட்டாள். "இருடி" என்றேன். மறுபடி தொட்டாள். மருதாணி ஈரம் என் கையெல்லாம் ஒட்டிவிட்டது. "ஒரு விவரம் இல்லையா உனக்கு? பொறுடி" என்று திட்டினேன். மூன்றாவது தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் அவள் சுபாவம். வாய் திறந்து ஒன்று சொல்ல மாட்டாள். அவள் அப்பா மாதிரி. அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. அவரும் நெஞ்சு வலிக்கிறது என்று எனக்குச் சொல்லவே இல்லை.

கல்யாண மேடையில் அண்ணாச்சி அரை மணி நேரம் பேசினார். மருமகள் அல்ல, மகள் என்றார். கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று.

ஆறு மாதத்தில் அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மாப்பிள்ளை வேண்டாம் என்றார். மாமியார் வேண்டாம் என்றார். அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? "வேலைக்குப் போறது மட்டும்தான் விடுதலைன்னு நெனைக்கிறது முதலாளித்துவச் சிந்தனை, தங்கச்சி." அந்த வார்த்தையை நான் கதவுக்குப் பின்னால் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் அது எப்படி வந்து உட்கார்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. எழுந்து நின்று தட்டின கை தாயி அது!

கயத்தாறு வந்துவிட்டது பார். கூட்டம் ஏறுகிறது, நீ காலை உள்ளே இழுத்துக்கொள்.

சித்திரை மாதக் கூட்டத்துக்குப் பேராசிரியர் மெய்கண்டான் வந்தார். தலைப்பு, 'கேட்பதே ஜனநாயகம்'. ஆள் வெள்ளைவெளேர் என்று தாடி. பக்கத்தில் அவர் வீட்டம்மா, ஒல்லியாக, ஒரு பையை வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் என்ன சொல்கிறார் என்றால், பேசுகிறவன் தலைவன் இல்லையாம், கேட்கிறவன்தான் தலைவனாம். ஒரு நாட்டில் கடைசி வரிசையில் இருக்கிறவன் கேட்கிற கேள்விக்கு முதல் வரிசைக்காரன் பதில் சொன்னால்தான் அது ஜனநாயகமாம். எனக்கு அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. நான் கவனிக்கவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவை, இந்த மனிதரிடம் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

எழுந்து நின்று எப்படிக் கேட்பேன்? முதல் வரிசையில் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். அதனால் சுண்டல் பொட்டலத்துக்கு வைத்திருந்த தாளில் கொஞ்சம் கிழித்து எழுதினேன். எழுதி ரொம்ப நாளாயிற்று, எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வந்தது. 'ஐயா, என் மகள் பெரிய படிப்பு படித்தவள். புகுந்த வீட்டில் வேலைக்கு விடவில்லை. அவள் வாய் திறக்க மாட்டாள். பெற்றவள் என்ன செய்யலாம்? பேர் வேண்டாம், பொதுவாகச் சொன்னால் போதும்.' அடியில் போன் நம்பரும் போட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. மடித்து, தட்டில் வைத்து, மேலே டம்ளரை வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

உனக்குப் புரிந்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு அப்போது புரியவில்லையே தாயி! பதினொரு வருஷமாக அந்தத் தட்டில் என்ன கொண்டுபோனேன் என்று எனக்கே மறந்துவிட்டது.

பேராசிரியர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "சரி, அம்மா வந்துட்டாங்க. இனிமே பேசினா எனக்குக் காப்பி கிடைக்காது" என்றார். ஒரே சிரிப்பு. சீட்டை எடுத்துப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கேட்பதே ஜனநாயகம், நன்றி வணக்கம்." உட்கார்ந்துவிட்டார்.

பேச்சுக்கு ஒன்றரை மணி நேரம் குறித்திருந்தார்கள், ஐம்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. நகராட்சிப் பெரிய ஆள் ஒருவர் தலைமை தாங்க அப்போதுதான் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார். அவர் உள்ளே வரும்போது ஜனங்கள் சுண்டலுக்கு வரிசையில் நிற்கிறார்கள். அருணகிரி சார் முகம் கறுத்துப்போய் என்னிடம் வந்தார்.

"யாரு சீட்டு குடுக்கச் சொன்னா உன்னைய?"

"நேரச் சீட்டு இல்ல சார். ஒரு கேள்வி."

"கேள்வியா? உனக்கா?"

அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். உனக்கா என்று. அதற்கு மேலும் சொன்னார்: "கேள்வி இருந்தா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான? யாரு புடிச்சா?"

வேலாயுதம் அண்ணாச்சி டம்ளரும் கையுமாகப் பக்கத்தில் வந்தார். "என்ன கேள்வி தங்கச்சி? சும்மா கேளுங்க. இங்க எல்லாருக்கும் கேக்க உரிமை இருக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. காப்பிக்குக் கருப்பட்டி போதுமான்னு கேட்டேன்" என்றேன்.

மறுபடி ஒரே சிரிப்பு. அன்றைக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவள்தான், இன்னும் அந்த மாடி ஏறவில்லை. இப்போது யாரோ பிளாஸ்கில் டீ கொண்டுவருகிறார்களாம். நன்றாக இருக்கட்டும்.

கையை ஏன் தொடுகிறாய்? வாளி இடிக்கிறதா? இந்தா, நகர்த்தியாயிற்று. கேள், முக்கியமான இடம் இனிமேல்தான்.

இருபது நாள் கழித்து ஒரு போன். பேராசிரியர் வீட்டம்மா பேசுகிறார். சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் சீட்டு இருந்ததாம். "அவர் இதைப் படிக்கலம்மா. நான்தான் படிச்சேன். மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன்" என்றார். எனக்கு இருபது நாளாக நெஞ்சில் இருந்ததெல்லாம் அப்படியே வந்துவிட்டது. அருணகிரி சார் என்னை நடத்தின விதம், உனக்கா என்று கேட்டது, தேங்காய் வேண்டாம் என்று சொன்னது, ஏழு குடம், தெருப் பெயர் கேட்டவர், அண்ணாச்சி கைதட்டினது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பாவம், நடுவில் இரண்டு மூன்று தடவை ஏதோ சொல்ல வந்தார். "இருங்கம்மா, முடிச்சிடறேன்" என்றேன். முக்கால் மணி நேரம். என் போனில் சார்ஜ் இறங்கிவிட்டது.

கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க பொண்ணுக்கு என்ன வேணும்னு அவகிட்ட கேட்டீங்களாம்மா?"

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. என்ன கேள்வி இது? பெற்றவளிடம் இதைக் கேட்கலாமா? என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அவளுக்குப் போன் போடுகிறேன், ஒரு நாள் தவறினது கிடையாது. இங்கே நடந்ததெல்லாம் அவளிடம்தான் கொட்டுகிறேன். இந்தச் சீட்டுக் கதையை அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். மகள்காரி வேறு யாருக்குக் கிடைப்பாள் இப்படி? "அவ வாயத் தொறந்தாத்தான கேக்கிறதுக்கு" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். படித்தவர் மனைவி என்றால் என்ன வேண்டுமானாலும் கேட்கலாமா?

போன புதன்கிழமைகூட, நான் சொல்லிக்கொண்டே வருகிறேன், செல்வி குறுக்கே, "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "இருடி, நான் சொல்லி முடிச்சிக்கிறேன், மறந்துரும்" என்றேன். சொல்லி முடித்தேன். "இப்பச் சொல்லு, என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். "ஒண்ணுமில்லாததுக்கா குறுக்கப் பேசுன?" என்றேன். வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமையிலிருந்து அவள் போன் அணைத்துக் கிடக்கிறது. அண்ணாச்சிக்குப் போட்டேன். எடுத்தார். "செல்வியா? நல்லாயிருக்கா தங்கச்சி. குளிக்கப் போயிருக்கா" என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டேன், அப்போதும் குளிக்கத்தான் போயிருந்தாளாம். சாயங்காலம் போட்டேன், எடுக்கவில்லை. இன்றைக்குக் காலையில் எழுந்து முறுக்கு சுட்டேன். வெறுங்கையோடு போனால் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள் அல்லவா? முறுக்கு கொண்டுவந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பயமெல்லாம் ஒன்றும் இல்லை. எனக்கு என்ன பயம்? படித்த குடும்பம்.

மறுபடியும் கையைத் தொடுகிறாய். என்ன தாயி? அழுகிறாயா என்ன? எங்கே? கங்கைகொண்டானா? நீ கங்கைகொண்டானிலா இறங்க வேண்டும்? அது போய் எவ்வளவு நேரமாகிறது! அதோ தாழையூத்துப் புகைபோக்கியே தெரிகிறதே!

கண்டக்டர்! ஏ கண்டக்டர் தம்பி! இந்தப் பிள்ளை கங்கைகொண்டானில் இறங்க வேண்டுமாம்!

கேட்டாயா அவன் பேசுகிறதை? "மூணு தடவ கத்துனேன், காதுல என்ன வச்சிருந்தீங்க" என்கிறான். தாழையூத்தில் இறங்கி எதிர் வண்டி பிடிக்கச் சொல்கிறான். பத்து மணிக்கா உனக்கு? இன்டர்வியூவா? கம்பெனியிலா? மணி இப்போதே பத்து ஐந்து ஆகிவிட்டதே தாயி. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? யார் பிடித்தார்கள்? இப்படி உம்மென்று உட்கார்ந்து கையைக் கையைத் தொட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

எத்தனை தடவை தொட்டாய்?

இரு. வாளியை எடுக்கிறேன், இறங்கு. இல்லை, கொஞ்சம் இரு. ஸ்டாப் வர இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது. உன் போனைக் கொஞ்சம் எடு தாயி. என் நம்பரைப் பார்த்தால் அந்த வீட்டில் எடுக்கமாட்டேன் என்கிறார்கள். உன் நம்பரிலிருந்து போடு. அவள் நம்பருக்கு வேண்டாம், அது அணைந்துதான் கிடக்கும். வீட்டு நம்பருக்குப் போடு, சொல்கிறேன். மாரிச்செல்வி இருக்கிறாளா என்று கேள். கூடப் படித்தவள் என்று சொல். அவள் வந்தால் என்ன வேண்டும் என்று நீயே கேள். நான் பேசவில்லை. சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை, நீ கேள்.

மணி அடிக்கிறதா?

எடுத்துவிட்டார்களா? யார்? ஆம்பிளைக் குரலா?

என்ன சொல்கிறார்? குளிக்கப் போயிருக்கிறாள் என்கிறாரா?